வாய்க்கூடை கட்டாத வண்டி

இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி பாதிக்கு மேல் ஏறியதும் ஜெயபிரியா ஹீட்டரை முழுசாகத் திருகி வைத்தாள். மாசி மாத வெயில். ஜன்னல்களெல்லாம் இறக்கியிருந்த காருக்குள் அனல் காற்று புஸ்ஸென்று கிளம்பி, முன் சீட்டில் சாய்ந்திருந்த திருமாலின் முழங்காலில் அடித்தது.

“ஏம் புள்ள, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?” பின் சீட்டிலிருந்து அவர் பெண்டாட்டி கருப்பி கத்தினாள். “மூச்சு வுட முடியாம கெடக்கற மனுசன் மேல நெருப்ப ஊதறயே!”

“இன்ஜின் சூட்டக் கொஞ்சம் நம்ம பக்கம் இழுத்து வுடறேன் அத்த. இல்லீன்னா வண்டி நின்னு போவும். மாமா, ஏத்தம் முடியற வரைக்கும் பொறுத்துக்குங்க.”

திருமால் தலையை மட்டும் ஆட்டினார். பேசுவதற்கு மூச்சு வேண்டும். அதை அவர் மிச்சம் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு இரண்டு வருஷமாகிறது. வாரத்தில் திங்களும் வியாழனும் அரூர் ஆஸ்பத்திரியில் மிஷினோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தால்தான் அடுத்த சில நாட்கள் அவருடையவை. போன திங்கட்கிழமை போகவில்லை. ஜெயபிரியாவின் கார் ஒர்க்‌ஷாப்பில் நின்றுவிட்டது. அதன் பலன் இன்று உடம்பில் தெரிந்தது. பாதங்கள் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கிடந்தார். நர்ஸம்மா போனில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: வியாழக்கிழமை காலையில் வந்தே ஆகவேண்டும், இன்னொரு தடவை தவறினால் நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், அப்புறம் எங்கள் கையில் எதுவும் இல்லை.

ஆக, வண்டி முகட்டைத் தாண்ட வேண்டும். விஷயம் அவ்வளவுதான். சித்தேரி மலையில் புளியம்பள்ளம் பேருக்குத் தகுந்தபடி பள்ளத்தில் கிடக்கிற ஊர். அரூருக்கு இறங்குகிறவன் முதலில் முகடு வரை ஏறியாக வேண்டும். வளைந்து வளைந்து மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். உச்சியில் நிற்கும் வேடியப்பன் சாமிக் கல்லைத் தாண்டிவிட்டால் அப்புறம் இறக்கம்தான். அங்கே இன்ஜினுக்கு வேலை இல்லை, பிரேக்குக்குத்தான் வேலை.

வேறு வண்டியே கிடைக்கவில்லையா என்று கேட்கிறவர்கள் ஒருமுறை புளியம்பள்ளத்துக்கு வந்து பார்க்கலாம். பஸ் முகட்டோடு திரும்பிவிடும். திங்கட்கிழமை யாரோ டூவீலரில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போகப் பார்த்தார்கள். ஊர் எல்லையிலேயே தலை சாய்ந்துவிட்டது, திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். இன்று காலையில் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்காக மலையின் அந்தப் பக்கம் போயிருந்தது. மிச்சம் இருந்தது இந்த வெள்ளைக் கார் ஒன்றுதான். ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி. அதற்கும் இப்போது காய்ச்சல்.

ஜெயபிரியாவுக்கு வயது முப்பத்து நான்கு. கல்யாணமான புதிதில் புருஷனோடு பெங்களூருக்குப் போய் கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்தவள். கம்பெனி வேனுக்குப் பெண் டிரைவர் வேண்டும் என்று ஒருநாள் கேட்டார்கள். லைன் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது, இவள் மட்டும் கையைத் தூக்கினாள். அந்த ஊர் டிராஃபிக்கில் ஓட்டிப் பழகியவளுக்கு இந்த மலை வளைவுகள் பெரிய விஷயமில்லை. கொரோனா வந்து கம்பெனி மூடியதும் ஊருக்குத் திரும்பினார்கள். புருஷன் பூபதி குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போனான். இவள் இந்தப் பழைய காரை வாங்கிக்கொண்டு மலை ஏறினாள்.

வண்டி வந்த அன்று ஊரே கூடி நின்று பார்த்தது. பார்த்ததோடு சரி, ஒருத்தரும் ஏறவில்லை. பொம்பளை ஓட்டுகிற வண்டியில் மலை இறங்குவதா என்று ஆளாளுக்கு வேலை இருப்பதுபோல் நழுவினார்கள். ஊர் முறையில் அவளுக்கு மாமாவான திருமால் அப்போது நல்ல திடகாத்திரம். காட்டிலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவர், அவற்றைப் பலாமரத்தில் கட்டினார். காலில் சேறோடு வந்து முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார். “ஓட்டு பாப்பம்” என்றார். அரூர் போய்ப் பீடிக்கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மறுநாள் முதல் வண்டியில் இடமில்லை.

அந்த முன் சீட்டில்தான் இப்போது மூச்சை எண்ணிக்கொண்டு சாய்ந்திருக்கிறார். ஜெயபிரியா ஒரு கண்ணை ரோட்டிலும் ஒரு கண்ணை ஊசியிலும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வண்டிக்கு இந்தக் காய்ச்சல் தை மாதக் கடைசியிலிருந்து. சமதளத்தில் சாதுவாக இருக்கும் வண்டி, ஏற்றத்தில் ஆள் பாரம் ஏறியதும் கொதிக்கும். அரூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அந்தோணி பிரகாஷிடம் கொண்டுபோய் விட்டாள். அவன் கைதேர்ந்த மெக்கானிக். தலையைச் சொறிந்துகொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்கிற ரகமில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் பார்த்தான், சரியாக இருந்தது. ஒழுகல் தேடினான், சொட்டு இல்லை. மூடியை மாற்றினான். சூடு ஏறியதும் திறந்து தண்ணீரைச் சுற்றவிடும் வால்வை மாற்றினான். பம்ப், பெல்ட், ஃபேன் எல்லாவற்றையும் ஆட்டி அசைத்துப் பார்த்தான். டார்ச் அடித்து முன்பக்கக் கம்பி வழியே குனிந்து பார்த்தான், பளிச்சென்று இருந்தது. இருந்தாலும் கிடக்கட்டும் என்று தண்ணீரைப் பீய்ச்சி அடித்து ஒரு வாட்டர் சர்வீஸும் செய்தான். கம்பைநல்லூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது ஊசி பசுமாடு மாதிரி படுத்துக் கிடந்தது. மலை அடிவாரத்து ஏற்றத்தில் விட்டதும் மறுபடி எழுந்து நின்றது.

“வண்டி எங்கயாச்சும் இடிச்சுதா பிரியா? ஆத்துல, சேத்துல எறக்குனயா? புதுசா எதாச்சும் பண்ணுனயா?” என்று கேட்டான்.

“ஒண்ணியும் இல்லண்ணா. எப்பவும் போற ரோடுதான்.”

“அப்ப ஹெட் கேஸ்கெட்டாத்தான் இருக்கோணும். இன்ஜினப் பிரிக்கணும். ஒரு வாரம் வண்டிய வுட்டுட்டுப் போ.”

ஒரு வாரம் என்றால் இரண்டு முறை மிஷின் இல்லை. இந்த வியாழக்கிழமை மாமாவை இறக்கிவிட்ட கையோடு வண்டியையும் கொண்டுவந்து விடுகிறேன் என்று சாவியைக் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வெறும் வண்டியாக, நிறுத்தி நிறுத்தி, எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தாள். அந்தோணி பிரகாஷ் பின்னாலிருந்து கத்திச் சொன்னது இன்னும் காதில் இருந்தது: “ஊசி செவப்பத் தொட்டா நிறுத்திரு. தொட்டதுக்கப்பறம் ஓட்டுனா இன்ஜின் ஹெட்டு வளைஞ்சுக்கும். அப்பறம் அது வண்டி இல்ல, இரும்பு!”

பலாமர வளைவுக்கு மேலே ஊசி சிவப்பைத் தொட்டது.

ஜெயபிரியா வண்டியை ஓரங்கட்டினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, பின் சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்தாள். இன்ஜினை அணைக்கவில்லை, சட்டென்று அணைத்தால் தண்ணீர் சுற்றாமல் சூடு உள்ளேயே நின்று வேகும் என்று சொல்வார்கள். பானெட்டைத் தூக்கினாள். முகத்தில் அனல் அடித்தது. போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. மேலே இன்னும் பாதி ஏற்றம் மிச்சம். கீழே ஊர். வெயிலில் ஒரு காக்கைகூடப் பறக்கவில்லை.

“என்னாச்சு?” கருப்பி கதவைத் திறந்து இறங்கினாள். “அப்பவே சொன்னேன், இந்த ஓட்ட வண்டிய நம்பாதீங்கன்னு. கேட்டாரா? பிரியா வரும், பிரியா வரும்னு வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. இப்ப பாரு, நட்ட நடுக் காட்டுல கொண்டாந்து நிறுத்திட்ட!”

ஜெயபிரியா பானெட்டுக்குள் குனிந்துகொண்டாள். கருப்பியின் கோபம் பயத்தின் மறுபக்கம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் சுருக்கென்றுதான் இருந்தது. அந்தோணி பிரகாஷ் பார்த்த வரிசையிலேயே மறுபடி பார்க்கத் தொடங்கினாள். வேறென்ன செய்வது? ரேடியேட்டருக்குப் பக்கத்து பாட்டிலில் தண்ணீர் கோட்டுக்கு நேராக இருந்தது. மேல் குழாயைத் துணியால் தொட்டாள், கொதித்தது. கீழ் குழாயைத் தொட்டாள், அதுவும் கொதித்தது. தண்ணீர் சுற்றுகிறது. பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. ஃபேன் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழல்கிறது. எல்லாம் அதது வேலையைச் செய்கிறது. ஆனாலும் கொதிக்கிறது. ஆக கேஸ்கெட்தான். ஆக இந்த வண்டி முகட்டைத் தாண்டாது. ஆக மாமா...

காருக்குள் திருமால் இருமினார். ஈரமான, ஆழமான இருமல். இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைத் தூக்கி ஒன்றுமில்லை என்று ஆட்டினார். உதடு லேசாக நீலம் பூத்திருந்தது.

கருப்பியின் திட்டு நின்றது. சும்மா நிற்கத் தெரியாத கை அவளுடையது. பின் சீட்டின் கீழே இருந்த தண்ணீர் கேனை எடுத்து, முந்தானையை நனைத்துப் பிழிந்தாள். அதை வண்டியின் முன்பக்கக் கம்பிமேல் விரித்துப் பிடித்தாள், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் துணி போடுவதுபோல.

“அத்த, தள்ளுங்க, அதெல்லாம் போட்டா...” என்று கத்த வாயெடுத்த ஜெயபிரியா பாதியில் நிறுத்தினாள்.

முந்தானை தொங்கிக்கொண்டிருந்தது.

பெங்களூரில் ஒருமுறை ரோட்டில் பறந்து வந்த பிளாஸ்டிக் பை ஒன்று அவள் ஓட்டிய வேனின் முன்கம்பியில் அப்பிக்கொண்டது. நிறுத்தி இறங்கிப் பிய்த்தும் வரவில்லை. உள்ளே ஃபேன் இழுத்த இழுப்பு அப்படி. இன்ஜினை அணைத்த பிறகுதான் தானாக உதிர்ந்தது. இங்கே ஃபேன் அந்தச் சுற்று சுற்றுகிறது, துணி அசையக்கூட இல்லையே. ஈரத்துணி, கனம் என்று வைத்துக்கொண்டாலும் கொஞ்சமாவது ஒட்ட வேண்டாமா?

“மாமாவோட மருந்துக் கவர எடுங்க அத்த. சீக்கிரம்!”

மாத்திரைகளை மடியில் கொட்டிக்கொண்டு மெல்லிய கவரைக் கொடுத்தாள் கருப்பி. ஜெயபிரியா அதைக் கம்பிக்கு முன்னால் பிடித்தாள். ஒட்டவில்லை. அங்கே இங்கே நகர்த்திப் பிடித்தாள். ஓர் ஓரத்தில் மட்டும் லேசாகச் சிலிர்த்தது, மற்ற இடமெல்லாம் செத்துக் கிடந்தது. காற்றே உள்ளே போகவில்லை. தண்ணீர் சுற்றி என்ன பிரயோஜனம், ஆற்றுவதற்குக் காற்று வேண்டாமா?

இன்ஜினை அணைத்தாள். மேலே மூடியிருந்த பிளாஸ்டிக் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் என்கிற ஏசி வலைத்தகடு ஒன்று நிற்கும். ஏசி செத்து வருஷக்கணக்காகிறது. தகடு மட்டும் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. அந்தோணி பிரகாஷ் டார்ச் அடித்துப் பார்த்ததும், பளிச்சென்று இருந்ததும் அந்தத் தகடுதான். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற சந்து உண்டு. அந்தச் சந்தை மேலிருந்து யாரும் பார்க்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடின கதைதான்.

செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தாள். சந்து இல்லை. சந்து இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது. இரண்டு விரலை விட்டு இழுத்தாள். காய்ந்த வறட்டித் துண்டுபோல ஒன்று பிய்ந்து வந்தது.

“என்னா புள்ள அது?”

ஜெயபிரியாவுக்கும் தெரியவில்லை. கருப்பி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். ஊதினாள். தூசி பறந்தது, கையில் சுருண்ட தோல்களும் காம்புகளும் நின்றன. அவற்றுக்கு நடுவே உடைந்த பருப்பு ஒன்று, செம்மண் நிறத்தில். கருப்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரலே எழும்பாமல் சொன்னாள்.

“இது நம்ம கொள்ளு.”

தை கடைசியில் நடந்தது இது. திருமால் வைத்தியத்துக்காக மாடுகளை விற்றுவிட்டதால், அறுத்துக் காயவைத்த கொள்ளுச் செடியை மிதிக்க ஆளில்லை. ஊருக்கு மேலே தார் ரோட்டில் செடியைப் பரப்பி, “ஒரு நாலு நடை ஓட்டிக் குடு கண்ணு” என்று கருப்பிதான் கேட்டாள். மலையில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் திருமால் வீட்டில் அதற்கும் முறை உண்டு. தானியம் பரப்பிவிட்டால் அது ரோடு இல்லை, களம். களத்தில் செருப்புப் போடக் கூடாது. ஆகவே ஜெயபிரியா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலால் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். ரோட்டோரத்தில் போட்ட கட்டிலில் உட்கார்ந்திருந்த திருமாலுக்கு அன்று ராஜா மாதிரி ஒரு தெம்பு. “களத்துல சுத்தற மாடு நடுவுல நிக்கக் கூடாது. தூத்தி முடியற வரைக்கும் இன்ஜின அணைக்காத” என்று உத்தரவு போட்டார். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். மிதித்து முடித்த பிறகும் வண்டி ரோட்டோரத்தில் உறுமிக்கொண்டே நின்றது. அதன் மூக்குக்கு நேரே பெண்கள் முறத்தில் அள்ளித் தூற்றினார்கள். காற்று நின்றுபோயிருந்த மத்தியானம். ஆனாலும் தூசியும் பொட்டு என்கிற தோல் சருகும் ஒரே பக்கமாக அழகாகப் பறந்து போனதைப் பார்த்து, வேடியப்பனே காற்று விடுகிறான் என்று கருப்பி கையெடுத்துக் கும்பிட்டாள். காற்று விட்டது வேடியப்பன் இல்லை. உள்ளே சுற்றிய ஃபேன் இழுத்த இழுப்பு அது. அடித் தகட்டு இடைவெளி வழியாக அத்தனையும் உள்ளே போய் அப்பிக்கொண்டது. அந்தோணி பிரகாஷ் பாவம், பீய்ச்சி அடித்த தண்ணீரில் அது குழைந்து, காய்ந்து, மெழுகின தரை மாதிரி இறுகிவிட்டது.

அவன் கேட்டபோது இவளுக்கு இது நினைவுக்கே வரவில்லை. வண்டி ஓட்டம் என்றால் ஆள் ஏற்றி இறக்குவது. களத்தில் ஓட்டியது மாமாவுக்கு ஓட்டியது. அதை ஓட்டத்தில் யார் சேர்ப்பார்கள்?

கருப்பி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். “நாந்தான்டி... எங்கையால நானே... இந்த மனுசனுக்குக் கொள்ளு ரசம் வெக்கோணும்னு...”

“அத்த, அழுவறதுக்கு இப்ப நேரமில்ல!”

“என்னா அங்க?” உள்ளிருந்து திருமாலின் குரல் கம்மியாக வந்தது.

கருப்பி போய் அவர் கையில் அந்தத் துண்டை வைத்தாள். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். வெளியே எட்டி, வாயைப் பிளந்து நிற்கிற வண்டியைப் பார்த்தார். தோள் குலுங்கியது. ஜெயபிரியா பயந்து ஓடினாள். இருமல் இல்லை, அந்த மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வாக்கூட... கட்டாம... களத்துல வுட்டா...” ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வாங்கினார். “மாடு... திங்காம... என்னா செய்யும்?”

களத்தில் சுற்றும் மாடு தானியத்தைத் தின்றுவிடாமல் அதன் வாயில் கட்டுகிற கயிற்று வலைக்குத்தான் வாய்க்கூடை என்று பேர். கருப்பி அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் திருமாலுக்கு நிஜமாகவே மூச்சு இழுத்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டு வண்டியை நோக்கி ஓடினார்கள்.

ஜெயபிரியா ஏசித் தகட்டின் மேல் போல்ட்டுகளைக் கழற்றி, அதை முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். கருப்பியின் கை ஒல்லி. சந்துக்குள் முழங்கை வரை விட்டு அள்ளி அள்ளிப் போட்டாள். சூட்டில் தோல் கன்றியது, கையை எடுக்கவில்லை. ரோட்டோரத்தில் பொட்டு ஒரு சின்னக் குவியலாகச் சேர்ந்தது. அதற்குப் பின்னால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவிலும் தூசி அடைத்திருந்தது. ஈச்ச ஓலையை ஒடித்து, ஈர்க்கை உருவி, சீப்பால் வாருவதுபோல் மேலிருந்து கீழாக வாரினார்கள். கை வேகமாகப் போனால் தகடு மடங்கும், மெதுவாகப் போனால் திருமாலின் மூச்சுச் சத்தம் காதில் விழும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தைப் பிடித்து ஜெயபிரியா வாரிக்கொண்டே இருந்தாள்.

சூடு கொஞ்சம் அடங்கியதும், இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீரை ஊற்றினாள். வந்த வழியே போகட்டும் என்று. தகடுகளின் வழியே கலங்கிய தண்ணீர் வழிந்தது, பிறகு தெளிந்து வழிந்தது. திருமால் அதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டம்ளரால் அளந்த தண்ணீர். திங்கள் தவறியதிலிருந்து அதுவும் பாதி. வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். “அது குடிக்கட்டும்” என்றார்.

எல்லாவற்றையும் மூட்டினாள். இரண்டு தடவை ஸ்க்ரூ கையிலிருந்து நழுவி விழுந்தது. சாவியைத் திருகினாள். இன்ஜின் எடுத்தது. கருப்பி கேட்காமலே மருந்துக் கவரை எடுத்துக்கொண்டு முன்னால் போய்க் கம்பிக்கு நேராக நீட்டினாள். சளப்பென்று அவள் கையைவிட்டுப் பறந்து போய் ஒட்டிக்கொண்டது.

“அதப் பிச்சு எடுத்துக்கிட்டு ஏறுங்க அத்த!”

மிச்ச ஏற்றம் தொடங்கியது. ஹெட்டு வளைந்திருந்தால் இதெல்லாம் செய்தும் பிரயோஜனமில்லை என்பது ஜெயபிரியாவுக்கு மட்டும் தெரியும். முதல் வளைவில் ஊசி பாதியைத் தொட்டது. அடுத்த வளைவில் இன்னும் ஒரு மயிரிழை மேலே போனது. கருப்பி பின்னாலிருந்து எட்டி அவள் தோள் வழியாக ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை ஊசி என்றால் என்னவென்றே அவள் கேட்டதில்லை. இரண்டாவது கியரில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. பாறைத் திருப்பம். அதற்கு மேலே மூங்கில் புதர். ஊசி அதே இடத்தில் நின்றது. நின்று யோசித்தது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது.

வேடியப்பன் கல்லருகே கருப்பி நிறுத்தச் சொல்லவில்லை. ஓடுகிற வண்டியிலிருந்தே கும்பிட்டாள். “அன்னிக்கு நீ காத்து வுடல. இன்னிக்காச்சும் வுட்டயே சாமி” என்றாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கடிகாரத்தைக் காட்டித் திட்டிக்கொண்டேதான் வீல் சேரைத் தள்ளிப் போனார். எடை பார்த்தார்கள், ஊசி குத்தினார்கள், மிஷின் ஓட ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டு முடிக்கவில்லை. ஜெயபிரியா வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அந்தோணி பிரகாஷுக்குப் போன் போட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டான்.

“கண்டென்சருக்குப் பின்னாடி பாக்காம வுட்டது எந்தப்பு” என்றான். “ஆனா புதுசா எதாச்சும் பண்ணுனயான்னு படிச்சுப் படிச்சுக் கேட்டேனே, கொள்ளு மெதிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைக்கறதுக்கு என்னா?”

“நீங்க வண்டியப் பத்தித்தானண்ணா கேட்டீங்க” என்றாள் ஜெயபிரியா. சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். போனின் அந்தப் பக்கம் அவன், “சரி சரி, நாளைக்குக் கொண்டா, ஹெட்டு நல்லாருக்குதான்னு பாத்துத் தர்றேன், அழுவாத” என்று தடுமாறினான்.

சாயங்காலம் திரும்பும்போது அடிவாரத்திலிருந்து முகடு வரை முழு ஏற்றம். ஊசி நடுவிலேயே நின்றது. திருமால் தூங்கிக்கொண்டு வந்தார். சாய்ந்து படுத்து, வாயைத் திறந்து, நிம்மதியான தூக்கம். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே வருவதற்கு இன்னும் இரண்டு மலை ஏறச் சொன்னாலும் ஏறியிருப்பாள்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டதும் கருப்பி விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு வாய்க்கூடைகள். விற்றுப்போன மாடுகளுடையவை. மாட்டை வாங்கினவன் கேட்டபோது காணவில்லை என்று பொய் சொல்லி வைத்துக்கொண்டவை அவை. கயிறு நைந்து, மாட்டு எச்சில் காய்ந்து வெளுத்திருந்தது. அவள் வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒன்றை எடுத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்ட ஆரம்பித்தாள்.

அந்த ஓட்டையில் கொள்ளுப் பொட்டு என்ன, கொள்ளே நுழைந்து போகும். அடுத்த களத்துக்குக் கொசுவலையை நான்காக மடித்துத்தான் கட்ட வேண்டும் என்று ஜெயபிரியா மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

“ஏய், அப்பிடியில்ல.” திருமால் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். “நீ போடற முடிச்சு மாடு ஒரு ஒதறு ஒதறுனா கழண்டுக்கும். தள்ளு.”

வெறுங்காலோடு அவராகவே முன்பக்கம் நடந்து வந்தார். கருப்பி பிடிக்கப் போனாள், வேண்டாமென்றார். குனிந்து, கயிற்றை அவிழ்த்து, கம்பியைச் சுற்றி ஒரு சுற்றுப் போட்டு இழுத்தார். வீக்கம் வடிந்த விரல்கள் அந்த முடிச்சை மறந்திருக்கவில்லை. இரண்டையும் கட்டி முடித்துவிட்டு, வண்டியின் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“அடுத்த தைக்கும் நீதான்டா வரணும்” என்றார்.